ஒரு காது வெளியே

அத்தியாயம் பதினொன்று

இவ்வளவு மெத்தென்ற சோபாவில் ஒருத்தியைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள் என்றால், பின்னாலேயே ஏதோ ஒன்றைக் கேட்கப் போகிறார்கள்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டாள் அவள். விமான நிலையத்தின் சொகுசு ஓய்வறை அது. கையில் ஆரஞ்சு ஜூஸ் இருந்தது. தங்கை எழுந்து போய் எடுத்துவந்து கொடுத்தது. தங்கை தன் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகத்துக்கு வரவில்லை. வராத அளவுக்குப் பழைய விஷயம்.

"இன்னொண்ணு கொண்டு வரட்டுமாக்கா? இங்க எல்லாமே ஓசிதான்."

"போதும்டி. அப்புறம் ஏறினதும் பாத்ரூம் தேடணும்."

"நமக்குன்னு தனி பாத்ரூம் இருக்குக்கா."

"எனக்கு மட்டுமா?"

"பிசினஸ் கிளாஸுக்கு."

"அதானே பார்த்தேன்" என்றாள்.

பெரிய மருத்துவமனை ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர் அவள். ஆபரேட்டரம்மா என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். கணவர் போன பிறகு, ஒரே பெண் சிட்டுவைப் படிக்க வைத்ததும், வெளிநாட்டுக்கு வேலைக்கு அனுப்பியதும் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான். சிட்டு இந்த வருஷம் லீவுக்கு வரவில்லை. போனில் முகம் காட்டுவதையும் நிறுத்திவிட்டாள். "கேமரா போச்சும்மா, புதுசு வாங்கணும்." எப்போது கேட்டாலும் இதே பதில். அந்தக் கவலையில் அவள் தூக்கம் கெட்டுக் கிடந்தபோதுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையும் தங்கை கணவரும் ஆப்பிள் பையோடு வந்து நின்றார்கள். சிட்டுவைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், மூன்று பேருமாக, டிக்கெட் எங்கள் பொறுப்பு என்றார்கள். அதுவும் சாதாரண டிக்கெட் இல்லை.

சந்தேகம் அன்றைக்கே முளைத்துவிட்டது. காரணம், தங்கை கணவரை அவளுக்குத் தெரியும். ஊருக்கே குளியலறை டைல்ஸ் விற்பவர். ஒரு டைல் உடைந்தால் மிச்சப் பாதியை எந்த மூலையில் ஒட்டலாம் என்று பார்ப்பவர். ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டே பாதி தூரம் நடந்து முடித்துவிடுபவர்.

"முட்டி எப்படிக்கா இருக்கு?" என்றார் அவர் இப்போது. தட்டில் கேக் இரண்டாம் முறை வந்திருந்தது. "உங்க முட்டிக்காகத்தான் இந்த டிக்கெட்டே. சும்மா படுத்துக்கிட்டே போகலாம்."

"ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை."

முட்டிவலி அவளுக்கு நேற்று வந்ததில்லை. போன வருஷம் இதே மனிதர்தான், லிஃப்ட் மாட்டாத கட்டடத்தில் அவளை மூன்று மாடி ஏற்றி, தன் புது வீட்டுக் குளியலறையைச் சுற்றிக் காட்டினார்.

என்ன கேட்கப் போகிறார்கள்? எழுதி வாங்க அவளிடம் சொத்து கிடையாது. இருப்பது வாடகை வீடு. மருத்துவமனையில் காலம் தள்ளுகிறவள் ஆனதால் கிட்னி வரைக்கும் யோசித்துப் பார்த்தாள். மாப்பிள்ளை முகத்தில் வீக்கம் ஏதாவது தெரிகிறதா என்று ஓரக்கண்ணால் கவனித்தாள். ஒன்றும் இல்லை. மனிதர் மூன்றாவது கேக்குக்கு எழுந்துகொண்டிருந்தார்.

தங்கையின் மடியில் ஒரு சாம்பல் நிறப் பை. வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அது மடியைவிட்டு இறங்கவில்லை. ஜூஸ் டம்ளரை வைக்க இடம் பண்ணலாம் என்று அவள் பையின் பிடியைத் தொட்டாள்.

"அத விடுக்கா. நான் பாத்துக்கறேன்."

சொன்ன வேகம்தான் இடித்தது. பை மெத்தென்று இருந்தது. உள்ளே கனமாக எதுவும் இல்லை.

*

விமானத்தின் வாசலில் எல்லோரும் வலப்பக்கம் திரும்ப, இவர்கள் மூவர் மட்டும் இடப்பக்கம் திரும்பினார்கள். அவள் பழக்கதோஷத்தில் கூட்டத்தோடு வலப்பக்கம் ஓரடி வைத்துவிட்டாள். பணிப்பெண் புன்னகையோடு முழங்கையைத் தொட்டுத் திருப்பிவிட்டாள்.

முதல் வரிசை. முன்னால் வேறு இருக்கை இல்லை, சுவர்தான். நடுவில் ஜோடியாக இருந்த இரண்டில் அவளும் தங்கையும். தங்கைக்கு அந்தப் பக்கம் நடைபாதை, அதைத் தாண்டி மாப்பிள்ளை.

"முதல் வரிசைதான் வேணும்னு ஒரு மாசமா சொல்லி வச்சிருந்தேன்" என்றார் அவர் பெருமையாக. எதையும் முன்கூட்டியே சொல்லி வைப்பது அவர் வழக்கம். கல்யாண வீட்டில் கூட எந்தப் பந்தியில் எந்த நாற்காலி என்று சொல்லி வைத்துவிட்டுத்தான் கை கழுவப் போவார்.

"சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்கார்றதுக்கா மாப்பிள்ளை?"

"கால் நீட்டத் தாராளமா இடம்க்கா."

பின்வரிசையிலும்தான் தாராளமாக இடம் இருந்தது. வரும்போதே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பணிப்பெண் குந்தி உட்கார்ந்து, அவள் பெயரை எங்கிருந்தோ தெரிந்துகொண்டு, அதோடு மேடமும் சேர்த்து நலம் விசாரித்தாள். சூடான ஈரத்துண்டு ஒன்றை இடுக்கியால் எடுத்து நீட்டினாள். வார்டில் காய்ச்சல்காரர்களுக்கு ஒற்றி எடுக்கும் துண்டு அவள் நினைவுக்கு வந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் தங்கையைப் பார்த்தாள். தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தேவைக்கு மேல் அழுத்தித் துடைத்தாள். துண்டுக்குள் கொஞ்ச நேரம் முகத்தை வைத்துக்கொண்டே இருந்தாள்.

இருக்கையின் பக்கவாட்டில் பொத்தான்கள். ஒன்றைத் தொட்டதும் கால் மேலே போயிற்று. இன்னொன்றைத் தொட்டதும் தலை கீழே போயிற்று. நிறுத்தத் தெரியாமல், பல் பிடுங்க வந்தவளைப் போலப் படுத்துவிட்டாள். தங்கை எட்டி வேறொரு பொத்தானை அழுத்தி நிமிர்த்தினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சின்ன வயதில் ஒரே கட்டிலில் படுத்துச் சிரித்த அதே சிரிப்பு. தங்கைதான் முதலில் நிறுத்தினாள்.

விமானம் மேலேறி நேரானதும் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். முன்னால் திரையில் ஏதோ படம் ஓட ஆரம்பித்தது.

ஆபரேட்டர்கள் இரண்டு காதையும் மூட மாட்டார்கள். ஒரு காது லைனுக்கு, ஒரு காது அறைக்கு. பின்னால் யார் வருகிறார்கள், எந்த டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிறார், சூப்பர்வைசர் யாரைத் திட்டுகிறார் எல்லாம் அந்த வெளிக் காதில்தான் விழும். அவளுக்கு அது கையின் பழக்கம். ஹெட்போனை மாட்டும்போதே வலப்பக்கத்தை ஒரு விரல் அகலம் பின்னுக்குத் தள்ளிவிடுவாள். முடி மறைத்துக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு இரண்டு காதும் மூடியதாகத்தான் தெரியும். தங்கைக்கு அது தெரிய நியாயமில்லை. அக்கா வேலை செய்யும் அறைக்கு அவள் ஒருநாளும் வந்ததில்லை.

படத்தில் சத்தமும் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

மாப்பிள்ளை எழுந்து வந்து முன்சுவரின் எதிரே நின்றார். சாவிக்கொத்திலிருந்து சின்ன அளவு டேப்பை இழுத்தார். அந்த டேப் இல்லாமல் அவர் எங்கேயும் போக மாட்டார். சுவரில் தட்டையாக இரண்டு மூடிகள் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றதற்கு டேப்பை நீட்டினார்.

"என்னங்க இது, மெதுவா" என்றாள் தங்கை.

"அக்காதான் ஹெட்போன் போட்டிருக்காங்களே."

திரையில் ஒருத்தி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். ஆபரேட்டரம்மா கண்ணை அவள்மேலேயே வைத்திருந்தாள்.

பணிப்பெண் வந்தாள். "ஏதாவது வேணுமா சார்?"

"தொட்டில் இங்கதானே மாட்டுவீங்க?"

"ஆமா சார். மூடியைத் திறந்தா கொக்கி வரும். விமானம் மேல ஏறினதும் நாங்களே வந்து மாட்டிக் குடுப்போம். ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தை மடியிலதான் இருக்கணும்."

"திரும்பி வர்றப்போ இதே இடம் சொல்லி வச்சிருக்கேன். தொட்டிலும் சொல்லியாச்சு. குழந்தைக்குப் பத்துமா?"

"அப்போ என்ன வயசு இருக்கும் சார்?"

"ஒரு மாசம்... கூடப் போனா ஒண்ணரை."

"தாராளமா போதும். பேரக்குழந்தையா சார்?"

மாப்பிள்ளை டேப்பை விட்டார். அது சர்ரென்று உள்ளே ஓடிற்று.

"எங்க குழந்தை."

பணிப்பெண்ணின் பார்வை தங்கையின் வயிற்றைத் தொட்டுவிட்டு மரியாதையாக விலகிக்கொண்டது. "ரொம்ப சந்தோஷம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தங்கை சாம்பல் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

*

தத்து எடுக்கிறார்கள். முதலில் அப்படித்தான் புரிந்துகொண்டாள். எடுக்கட்டும், நல்லதுதான். எத்தனை வருஷத்து ஏக்கம். ஆனால் அதை ஏன் மறைக்க வேண்டும்? அதற்கு நான் எதற்கு? அதுவும் படுத்துக்கொண்டு?

பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. யாரோ லைனில் காத்துக்கொண்டே இருந்தது போல.

"மாடி ஏறி வந்தேம்மா, அதான் மூச்சு வாங்குது." சிட்டு குடியிருப்பது தரைத்தளம்.

"அம்மா, நான் பொறந்தப்போ எத்தனை கிலோ இருந்தேன்?"

"எதுக்குடி இப்போ?"

"சும்மாத்தான். ஆபீஸ்ல பேச்சு வந்துச்சு."

எடையைச் சொன்னாள். மேலும் ஏதோ கேட்க சிட்டு வாயெடுத்தாள். அதற்குள் இன்னொரு லைன் மினுங்கியது. "அப்புறம் பேசறேன், வை" என்று வைத்துவிட்டாள்.

தங்கை நடுவில் ஒருமுறை டைல்ஸ் கண்காட்சி என்று சொல்லிக்கொண்டு சிட்டு இருக்கும் ஊருக்கே போய்விட்டு வந்தாள். திரும்பி வந்து, "நல்லா இருக்காக்கா, கொஞ்சம் பூசினாப்ல இருக்கா" என்றாள்.

அவள் கை ஹெட்போனின் வயரைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது. குரலைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவாள் என்று மருத்துவமனையில் அவளுக்குப் பெயர். நோயாளி செத்துப்போனதை இன்னும் வீட்டில் சொல்லாத மகனின் குரலை அவள் கண்டுபிடித்திருக்கிறாள். குடித்துவிட்டு லீவு கேட்கும் வார்டு பாயின் குரலைக் கண்டுபிடித்திருக்கிறாள். சொந்தப் பெண் குரலில் இத்தனை மாதம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லையா, கேட்டும் அடுத்த லைனுக்குத் தாவிவிட்டோமா? அவளுக்குத் தங்கைமேல் இருந்த சந்தேகம் மெல்லத் தன் பக்கம் திரும்பிற்று. அதைத்தான் தாங்க முடியவில்லை.

சாப்பாடு வந்தது. வெள்ளைத் துணி விரித்து, சூப்பும் ரொட்டியும் வைத்தார்கள். உப்புக்கும் மிளகுக்கும் தனித்தனியாகச் சின்னச் சின்னக் குப்பிகள்.

"ரொட்டிக்கு வெண்ணெய் தடவித் தரட்டுமாக்கா?"

அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அந்தத் தொட்டில்ல போடப்போற குழந்தை யாரோடதுடி?"

வெண்ணெய்க் கத்தி ரொட்டியின் நடுவில் நின்றது. தங்கை ஹெட்போனைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு நடைபாதைக்கு அப்பால் இருந்த கணவரைப் பார்த்தாள். அவர் சூப்பில் மும்முரமாக இருந்தார்.

"கேட்டுட்டியா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அக்கா, சாப்பிட்டுட்டுப் பேசலாமே."

"சிட்டுவோடதா?"

தங்கை தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் அக்கா இத்தனை நேரம் காத்திருந்தாள். வந்த பிறகு அது வராமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

"எட்டு முடியப்போகுதுக்கா."

"அவன் யாரு?"

"அதைக் கேட்டா போனை வச்சிடறா. எனக்கும் தெரியாது, சத்தியமா."

"உன்கிட்ட சொல்லியிருக்கா. என்கிட்ட சொல்லல."

தங்கை வெண்ணெய் தடவிய ரொட்டியை அக்காவின் தட்டில் வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உனக்குத்தான் முதல்ல பண்ணினாளாம். நீ 'ஒரு நிமிஷம் இருடி, இன்னொரு லைன் வருது'ன்னியாம். அவ இருந்திருக்கா. ரொம்ப நேரம் இருந்திருக்கா. அப்புறம் எனக்குப் பண்ணினா."

சூப்பின் மேல் ஆடை படிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிட்டு எப்போது போன் பண்ணினாலும் ஆரம்பம் ஒன்றுதான். "அம்மா, லைன்ல இருக்கியா?" இருக்கேன், சொல்லு என்பாள் இவள். அதே குரலில்தான் மற்றவர்களிடமும் சொல்வாள்.

*

தட்டுகள் எடுக்கப்பட்டன. மாப்பிள்ளை வந்து, சுவரோரம் கால் வைப்பதற்கென்று இருந்த மெத்தை மேடையில் இருவரையும் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஷோரூமில் வாடிக்கையாளர் எதிரில் உட்காருவதும் இப்படித்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இது எல்லாருக்கும் நல்லதுன்னுதான். அவ சின்னப் பொண்ணு, வேலை இருக்கு, நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு இருக்கு. குழந்தை வெளியில போகல, நம்ம வீட்லயே இருக்கப்போகுது. வக்கீல்கிட்ட பேசியாச்சு. டாக்டர்கிட்ட பேசியாச்சு."

"தொட்டில் கூடச் சொல்லியாச்சு."

"அது... லேட்டாச்சுன்னா அந்த இடம் கிடைக்காதுக்கா."

"சிட்டு சரின்னுட்டாளா?"

கணவனும் மனைவியும் பார்த்துக்கொண்டார்கள். பதில் தங்கையிடமிருந்து வந்தது.

"மொதல்ல அவளேதான் கேட்டா. 'சித்தி, நீங்க வளக்கறீங்களா'ன்னு. அழுதுட்டேன்கா அன்னிக்கு. இப்போ ரெண்டு வாரமாத்தான் குழம்பறா. வச்சுக்கலாமான்னு தோணுதுங்கறா. ராத்திரி உதைக்குதாம், அது கூடப் பேசறாளாம்."

"அதுக்கு?"

"நீ சொன்னா கேப்பா."

வந்துவிட்டது. சோபா, ஜூஸ், முட்டி, முதல் வரிசை எல்லாம் இதற்குத்தான். சந்தேகம் தீர்ந்தால் மனசு லேசாகும் என்பார்கள். அவளுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.

"என்ன சொல்லணும்?"

"பெருசா ஒண்ணும் வேணாம்கா. திட்ட வேணாம், அடிக்க வேணாம்." தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ எப்பவும் இருக்கற மாதிரி இருந்தாலே போதும். முகத்தை இப்படி வச்சுக்கிட்டு, நாலு நாள் சரியாப் பேசாம இருந்தா, அவளே பயந்து குடுத்துடுவா."

தங்கை இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அப்பாவியாகத்தான் சொன்னாள். சொன்னது அக்காவுக்குள் இறங்கி எங்கே தைத்தது என்று தங்கைக்குத் தெரியாது.

எப்பவும் இருக்கிற மாதிரி.

ஆக அவர்களுக்கு வேண்டியது இவள் வாய்கூட இல்லை. இவள் முகம். அதை வைத்து ஒருத்தியைப் பயமுறுத்தலாம் என்று தெரிந்து, காசு போட்டு, படுக்க வைத்து, கசங்காமல் கொண்டுபோகிறார்கள்.

"அக்கா, ஏதாவது பேசு."

"அந்தப் பையில என்னடி இருக்கு?"

தங்கை தயங்கினாள். பிறகு ஜிப்பைக் கொஞ்சமாக இழுத்தாள். மேலாக ஒரு குல்லா. அதன்மேல் காலுறை ஒரு ஜோடி, இரண்டு கட்டைவிரலுக்கு மாட்டுகிற அளவில். விலைச்சீட்டு எல்லாவற்றையும் வெட்டி எடுத்திருந்தாள். தோலில் உரசிவிடக் கூடாது என்று தையலோரத்து லேபிளைக்கூடப் பிரித்து எடுத்திருந்தாள்.

தங்கையின் ஏக்கமும் பொய் இல்லை. குழந்தைக்காக எத்தனை வருஷம் இவள் டாக்டர்கள் வீட்டு வாசலில் நின்றிருப்பாள். அந்த டாக்டர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்ததே அக்காதான். இணைத்துவிட்டுக் காதை எடுத்துவிட வேண்டும், அதுதான் ஒழுங்கு. ஒரே ஒரு தடவை எடுக்கத் தாமதமானது. டாக்டர் "இனிமேல் செலவு பண்ண வேணாம்மா" என்றார். தங்கையின் பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. அதை அவள் இன்றுவரை தங்கையிடம் சொன்னதில்லை.

காலுறையைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல பருத்தி. ஒருவேளை இதுதான் சரியோ என்று ஒரு கணம் நினைத்தாள். இவள் நன்றாகத்தான் வளர்ப்பாள். தன்னைவிட நன்றாக வளர்ப்பாள்.

ஆனால் சிட்டு அதோடு பேசுகிறாளாம். ராத்திரியில்.

*

விமானம் இறங்கத் தொடங்கியது. ஜன்னல்களில் மேகம் மேலே போயிற்று. பணிப்பெண் வந்து இருக்கைகளை நிமிர்த்தச் சொன்னாள். தொட்டில்காரருக்கு ஒரு தனிப் புன்னகை கொடுத்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளை தன் இடத்துக்குப் போய் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, அங்கிருந்தே மனைவிக்குக் கண்ணைக் காட்டினார்.

அவள் அதைப் பார்த்தாள். "இன்னும் என்னடி மிச்சம்?"

"கோச்சுக்காதக்கா." தங்கை போனை எடுத்தாள். "அம்மாவுக்கு எல்லாம் தெரியும், அம்மாவும் குடுத்துடுன்னுதான் சொல்றான்னு... நேத்தே அவகிட்ட சொல்லிட்டோம்."

"நான் சொன்னேனா?"

"நீ சொல்லுவேன்னு நெனச்சு."

"அவ என்ன சொன்னா?"

தங்கை திரையை நீட்டினாள். சிட்டுவின் பதில் ஒரே வரி. 'அம்மா வாயால சொன்னாத்தான் நம்புவேன்.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். எழுத்துக்குக் குரல் கிடையாது. ஆனாலும் கேட்டது. நம்பவில்லை. என் பெண், நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று எங்கேயோ ஒரு மூலையில் வைத்திருக்கிறாள். என்ன தைரியத்தில் வைத்திருக்கிறாளோ.

"ஏர்போர்ட்டுக்கு வராளா?"

"நீ பேசினதுக்கப்புறம்தான் முடிவு பண்ணுவாளாம். அதான்கா, வைஃபை இருக்கறப்பவே ஒரு வாய்ஸ் அனுப்பிடலாம். நேர்ல பார்த்தா நீ இளகிடுவ, எனக்குத் தெரியும். 'ஆமாம் சிட்டு'ன்னு ரெண்டே வார்த்தை. நான் அமுக்கிப் பிடிச்சுக்கறேன், நீ பேசு. நான் விரலை எடுத்ததும் அதுவே போயிடும்."

அந்தப் பக்கமிருந்து மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "சொன்னதுக்கப்புறம் மாத்திப் பேசினா எல்லாருக்கும் அசிங்கம்கா. அவங்க சித்தி மேல அவளுக்கு நம்பிக்கையே போயிடும்."

"சித்தப்பா மேல?"

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

தங்கை போனை அக்காவின் வாயருகே கொண்டுவந்தாள். கண்களில் நீர் முட்டி நின்றது. "உன்கிட்ட நான் எதுவுமே கேட்டதில்லக்கா. இது ஒண்ணுதான்."

உண்மைதான். இவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அக்கா தன் உயிரைக்கூட இரண்டு தடவை யோசித்துவிட்டுக் கொடுத்திருப்பாள். ஆனால் இது அவளுடையதே இல்லை. தன்னுடையது இல்லாத ஒன்றை எடுத்துக் கொடுக்கத்தான் இந்த முதல் வரிசை.

தங்கையின் கட்டைவிரல் அழுத்தியது. திரையில் சிவப்புப் புள்ளி ஒன்று மினுங்கத் தொடங்கியது. லைன் வரும்போது அவள் மேசையில் மினுங்கும் அதே சிவப்பு.

அவள் வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. இரண்டு பேருக்கு நடுவில் ஆபரேட்டர் பேசக் கூடாது. இணைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். இத்தனை காலம் எல்லோரிடமும் அப்படியே இருந்துவிட்டாள். சொந்தப் பெண்ணிடமும்.

"பேசுக்கா" என்றது தங்கையின் உதடு, சத்தமில்லாமல்.

அவள் போனை நோக்கிக் குனிந்தாள். எப்போதும் பேசும் குரலைத் தேடாமல், வந்த குரலில் பேசினாள். அது கொஞ்சம் கரகரப்பாக இருந்தது.

"லைன்லதான் இருக்கேன் சிட்டு."

பிறகு நிமிர்ந்து தங்கையின் கண்களைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தங்கையின் இன்னொரு கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க கேட்டதை நான் சொல்ல மாட்டேன்டி. அவ சொல்றதைக் கேக்கத்தான் வரேன்."

சக்கரங்கள் தரையைத் தொட்டுக் குலுங்கின. சிவப்புப் புள்ளி மினுங்கிக்கொண்டே இருந்தது. தங்கை விரலை எடுக்கவில்லை.